சாமியானாவின் கீழ்: வட இந்தியத் திறந்தவெளித் திருமணங்களின் வரலாறு

திறந்தவெளியில் திருமணம் நடத்துவது அண்மைக்கால நாகரிகம் என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. கடற்கரை, மலைச்சரிவு, பண்ணைவீட்டுப் புல்வெளி என்று இடம் தேடும் செல்வர்களின் திருமணங்களைச் செய்தியில் காண்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. வட இந்தியாவைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. நான்கு சுவரும் நிலையான கூரையும் கொண்ட மண்டபமே அங்குப் புதிய வரவு. வீட்டு முற்றம், ஊர்ப்புறத்து மாந்தோப்பு, அறுவடை முடிந்த வயல், நகரமானால் வீட்டெதிர்த் தெரு என வானம் தெரியும் இடங்களில்தான் தலைமுறை தலைமுறையாகத் திருமணங்கள் நடந்து வந்தன. மழை, காற்று, இருள், தீ, தண்ணீர், கூட்டம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவர்கள் ஒரு வழி கண்டிருந்தனர். அவ்வழிகளுள் சில இன்றும் பயன்படுகின்றன; சில மறக்கப்பட்டன. மறக்கப்பட்டதற்குக் கொடுத்த விலை சிறியதன்று.

முதல் வழி பஞ்சாங்கம். ஆடி வளர்பிறை ஏகாதசியில் திருமால் உறங்கச் செல்கிறார், கார்த்திகை வளர்பிறை ஏகாதசியில் விழித்தெழுகிறார் என்பது நம்பிக்கை. வடநாட்டுச் சாந்திரமான ஆண்டில் ஆஷாடம் முதல் கார்த்திகம் வரையிலான இந்நான்கு மாதங்கள் சாதுர்மாஸ்யம் எனப்படும். உத்தரப் பிரதேசம், பீகார், இராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் முதலிய பகுதிகளில் இக்காலத்தில் பெரும்பாலோர் திருமணம் செய்வதில்லை. தென்மேற்குப் பருவமழை கங்கைச் சமவெளியை எட்டுவதும் ஏறத்தாழ அதே வேளையில்தான். நிலமெங்கும் சேறு, சாலை துண்டிப்பு, ஆறுகளில் வெள்ளம், வயலில் நடவு வேலை. துறவிகளே பயணத்தை நிறுத்தி ஓரிடத்தில் தங்கும் காலம் அது. பௌத்தரும் சமணரும் கொண்டிருந்த மழைக்கால உறைவு விதியும் இதையொட்டியதே. திருமால் விழிக்கும் நாளில் வானம் தெளிந்திருக்கும், காரிப் பருவ அறுவடை களத்துக்கு வந்திருக்கும், கையில் பணம் புழங்கும். அன்று தொடங்கும் முகூர்த்த நெரிசலில் தில்லி போன்ற நகரங்களின் சாலைகள் இன்றும் திணறுகின்றன.

ஆயினும் வானிலையே பஞ்சாங்கத்தை வகுத்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வங்காளத்தில் ஆஷாடமும் சிராவணமும் திருமணத்துக்கு உகந்த மாதங்கள். அங்கே மழை குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழகத்திலும் ஆடியும் மார்கழியும் விலக்கப்படுகின்றன, வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி விலக்கப்படுவதில்லை. எனவே மழைக்கு அஞ்சி நாளை ஒதுக்கியது ஒரு வட்டாரத்தின் தீர்வு. மழையைத் தாங்கும் கூரையை வேய்ந்துகொண்டது மற்றொரு வட்டாரத்தின் தீர்வு. தென்னங்கீற்றுப் பந்தல் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பந்தல் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்து வங்காளத்தை அடைந்ததும், சாமியானா என்ற பாரசீகச் சொல் வடக்கிலிருந்து தமிழகத்துக்கு வந்து சேர்ந்ததும் சுவையான பண்டமாற்று. கல்கத்தாவில் துர்க்கைக்கு அமைக்கும் மூங்கில், துணிக் கூடாரத்துக்குப் பந்தல் என்பதன் திரிந்த வடிவமே பெயர். நம் ஊர்த் தெருவில் துணி விரித்தால் அது சாமியானா.

கங்கைச் சமவெளி ஊர்களில் பழைய முறைப்படி மாப்பிள்ளை வீட்டார் பெரும் கூட்டமாகப் பெண் ஊருக்கு வருவர். இதனைப் பராத் என்பர். அவர்கள் தங்குமிடம் ஜன்வாசா. ஊரில் நூறு பேரைத் தங்கவைக்கும் கட்டடம் எங்கும் இராது. ஆகவே மாந்தோப்பே ஜன்வாசா ஆயிற்று. நிழலுக்கு மரம், தண்ணீருக்குக் கிணறு, வண்டி மாடுகளைக் கட்டத் திடல் என அனைத்தும் அங்கே கிடைக்கும். கயிற்றுக் கட்டில்களையும் படுக்கைகளையும் வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கி வருவர். சமையல் பாத்திரம், விரிப்பு, விளக்கு எல்லாம் அண்டை அயலாரிடமிருந்தே வரும். மூன்று நாள் தங்கிய கூட்டம் கலைந்த பின் யார் வீட்டுக் கட்டில் எது என்று பிரித்துத் தருவதே ஒரு தனி வேலை. இந்த இரவல் முறையில் அடங்கியிருந்த கடமையையும் கணக்கையும் எளிதில் புகழ்ந்துவிட இயலாது. யாருடைய கட்டிலை யார் தொடலாம், யார் எங்கே உண்ணலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது.

அரச வீடுகளின் கதை வேறு. அக்பரின் ஆட்சி நடைமுறைகளைத் தொகுத்த அபுல் பசலின் ‘அயினி அக்பரி’ கூடாரங்களுக்கென ஒரு பகுதியையே ஒதுக்குகிறது. பார்கா எனப்படும் பெருங்கூடாரத்தில் 10,000 பேருக்கு மேல் கொள்ளும். அதனை எழுப்ப 1,000 ஃபர்ராஷ்கள் பொறிகளின் துணையோடு ஒரு வாரம் உழைக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஃபர்ராஷ் என்போர் கூடாரமும் விரிப்பும் அமைக்கும் பணியாளர். அரச முகாம் ஒன்றைச் சுமந்து செல்ல 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி, 100 சுமைகாரர் தேவை. அவர்களோடு மண்வெட்டிக்காரர் 500 பேர், தண்ணீர் சுமப்போர் 100 பேர், துப்புரவாளர் 150 பேர். இன்று திறந்தவெளித் திருமணத்துக்குத் திட்டமிடும் எவரும் அந்தக் கடைசி இரண்டு எண்களை நின்று நோக்க வேண்டும். தண்ணீரும் துப்புரவும் முகாமின் கணக்கில் முதலிலிருந்தே இடம் பெற்றிருந்தன. நிகழ்ச்சி முடிந்த பின் நினைவுக்கு வரும் செலவுகளாக அவை இல்லை.

அதே பகுதியில் மற்றொரு குறிப்பும் உண்டு. சாமியானா பல அளவுகளில் செய்யப்பட்டது, ஆனால் பன்னிரண்டு கஜச் சதுரத்துக்கு மேல் செய்யப்படவில்லை என்கிறது அந்நூல். சிறிய செய்திதான், ஆயினும் திறந்தவெளிக் கூரைக் கலையின் சாரம் அதில் உள்ளது. சாமியானா என்பது கம்புகள் தாங்கி நிற்கும் மேற்கட்டி மட்டுமே. அதற்குப் பக்கங்கள் இல்லை. மறைப்பு வேண்டுமானால் கனாத்து எனப்படும் பக்கத்திரையைத் தனியே, சற்றுத் தள்ளி நிறுத்துவார்கள். காற்று புகுந்து வெளியேறும், புகை தங்காது, ஆபத்து வந்தால் எத்திசையிலும் ஓடலாம். துணியின் பரப்பு பெருகப் பெருகக் காற்று அதனைப் பாய்மரமாக்கும். நடுவில் நீர் தேங்கும். பெரிய கூட்டத்துக்குப் பல சாமியானாக்கள் வேண்டும். ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையில் பாதுகாக்கப்படும் ‘லால் டேரா’ என்னும் பதினேழாம் நூற்றாண்டு முகலாயக் கூடாரம் பட்டும் பொன்னுமாக மின்னுகிறது. கண்ணைக் கவர்வது வேலைப்பாடு என்றாலும், காற்றின் இழுப்பைக் கயிறும் முளையும் பகிர்ந்துகொள்ளும் கணக்கை அறிந்தவர்கள் இல்லாமல் அது ஒரு நாள்கூட நின்றிராது.

ஆங்கிலேயர் காலத்தில் கூடாரம் அரச வீட்டிலிருந்து சந்தைக்கு இறங்கியது. சுற்றுப்பயண அதிகாரிகளுக்கும் படைகளுக்கும் தேவைப்பட்ட கூடாரங்களைக் கான்பூர் ஆலைகள் தைத்தன. அதற்கு முன்பே, 1830களின் இறுதியில், ஜபல்பூரில் சிறைப்பட்ட தக்கர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் தொழில் கற்பிக்க நிறுவப்பட்ட பள்ளியில் கூடாரமும் கம்பளமும் செய்யப்பட்டன. வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டோரின் கைகள் முறுக்கிய கயிறு எத்தனை திருமணக் கூடாரங்களைத் தாங்கியதோ! விடுதலைக்குப் பின் ‘டென்ட் ஹவுஸ்’ எனும் வாடகைக் கடை வட இந்தியச் சிற்றூர்வரை பரவியது. கட்டில், மெத்தை, நாற்காலி, பாத்திரம், விளக்கு, துணி அனைத்தும் ஒரே கடையில் கிடைத்தன. அண்டை வீட்டாரிடம் இரவல் கேட்கும் சங்கடம் நீங்கியது. பணம் உள்ளவர் எவரும், சாதி எதுவாயினும், சாமியானா போட இயன்றது. இதனை அக்கடைகள் செய்த அமைதியான சமூக மாற்றம் எனலாம்.

வட இந்தியத் திருமணம் பெரும்பாலும் இரவில் நடப்பது. விடியற்கால முகூர்த்தத்துக்குப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். அக்கினியை வலம்வரும் சடங்கு நள்ளிரவைத் தாண்டுவது அங்கே வழக்கம். ஆகவே வெளிச்சம் என்பது அலங்காரமாக அன்றி முதன்மைத் தேவையாகவே இருந்தது. மசால்ஜிகள் தீவட்டி ஏந்தினர், இருபதாம் நூற்றாண்டில் பெட்ரோமாக்ஸ் வந்தது, பின்னர் மின்னாக்கி. தொழில்நுட்பம் மாறியபோதும் சுமப்பவர் மாறவில்லை. ஊர்வலத்தின் இரு பக்கமும் தலையிலோ தோளிலோ சரவிளக்கைத் தாங்கி, பின்னால் வண்டியில் உருளும் மின்னாக்கியோடு கம்பியால் பிணைக்கப்பட்டு நடக்கும் ஆண்களையும் பெண்களையும் இன்றும் காணலாம். ஒருவர் நின்றால் வரிசை முழுவதும் நிற்க வேண்டும். திருமண நிழற்படங்களில் அவர்களின் முகம் தெரிவதில்லை, அவர்கள் தாங்கும் விளக்கே தெரிகிறது.

ஊர்வலம் தெருவில் செல்வது. தெரு யாருடையது என்ற கேள்வி உடனே எழும். தலித் மணமகன் குதிரையேறித் தங்கள் தெரு வழியே வருவதை ஆதிக்கச் சாதியினர் தடுக்கும் நிகழ்வுகள் இராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் எனப் பல மாநிலங்களில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன. 2018இல் உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், தாக்கூர் சாதியினர் பெரும்பான்மையாக உள்ள ஓர் ஊருக்குப் பராத்துடன் செல்ல விரும்பிய தலித் இளைஞர் உயர் நீதிமன்றம் வரை சென்றார். மாவட்ட நிர்வாகத்தோடு மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. இறுதியில் சூலையில் காவலர் புடைசூழ அவ்வூர்வலம் நடந்தேறியது. மண்டபத்துக்குள் நடக்கும் திருமணத்துக்கு வாடகை கொடுத்தால் போதும். ஊரறியத் திறந்தவெளியில் நடக்கும் திருமணத்துக்கோ ஊரின் இசைவும் தேவைப்படுகிறது. அதைத் தர மறுப்பதே சிலருக்கு அதிகாரமாக உள்ளது. வெளியில் நடத்துவதன் இடர்கள் என்று பட்டியலிடுவோர் மழையையும் கொசுவையும் குறிப்பிடுவர்; இதைக் குறிப்பிடுவதில்லை.

ஊர்வலத்தின் ஓசையும் சட்டத்தின் எல்லைக்குள் வந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் 2005 சூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்தன. நள்ளிரவு முகூர்த்த மரபுக்கு இது நேரடி அடி. நடைமுறையில் எத்தனை இடங்களில் பின்பற்றப்படுகிறது என்பதை அங்கே வாழ்வோர் அறிவர். மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுடும் வழக்கம் அதைவிடக் கொடியது. கூட்டத்தில் யார் மீதாவது குண்டு பாய்ந்து, மணமகனே இறந்த நிகழ்வுகளும் உண்டு. 2019இன் ஆயுதச் சட்டத் திருத்தம் அதனைத் தனிக் குற்றமாக்கி ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது.

காற்றுக்கு வருவோம். அட்சய திருதியை, இராஜஸ்தானில் ஆகா தீஜ், முகூர்த்தம் பார்க்கத் தேவையற்ற நாளாகக் கருதப்படுகிறது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான திருமணங்கள் நடக்கும். குழந்தை மணங்களும் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்து நடந்தேறியதால், 1930இல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் முதல் இன்றுவரை அதிகாரிகளுக்கு அந்நாள் ஒரு சோதனை. அது ஏப்ரல், மே மாதங்களில் வருவது. அந்தி வேளையில் ‘ஆந்தி’ எனும் புழுதிப் புயல் எழும் காலம். மழையைப் பஞ்சாங்கத்தால் தவிர்த்தவர்கள் காற்றைத் தவிர்க்க இயலவில்லை. 2017 மே 10 அன்று பரத்பூரில் திருமணத் திடல் ஒன்றில் புயல் அடித்தபோது, விருந்தினர் ஓடிச்சென்று ஒதுங்கிய மதிற்சுவர் சரிந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். துணிக்கூரை பறந்து விழுந்திருந்தால் காயத்தோடு தப்பியிருப்பர். புகலிடமாக நம்பிய சுவரே கொன்றது.

நிலமும் தண்ணீரும் தாங்க வேண்டிய சுமை வேறொன்று. 2019 சூனில் உத்தராகண்டின் ஔலியில், கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல் அமைந்த புல்வெளியில், செல்வக் குடும்பம் ஒன்றின் இரு திருமணங்கள் நடந்தன. சூழல் பாதிப்புக்கு ஈடாக 3 கோடி ரூபாயை வைப்பாகக் கட்டுமாறு மாநில உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. விழா முடிந்ததும் 300 குவிண்டாலுக்கு மேற்பட்ட கழிவு அங்கிருந்து அகற்றப்பட்டதாகச் செய்திகள் கூறின. அக்பரின் முகாமோடு சென்ற 150 துப்புரவாளரை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது.

இனி தீ. இக்கட்டுரை நெடுக மேற்கட்டியின் திறந்த பக்கங்கள் வலியுறுத்தப்பட்டதற்குக் காரணம் இதுவே. 1980களிலும் 90களிலும் பஞ்சாப், அரியானா நெடுஞ்சாலையோரங்களில் ‘மேரேஜ் பேலஸ்’ என்னும் திருமண வளாகங்கள் பெருகின. சுற்றுமதில், அலங்கார வாயில், உள்ளே திறந்த முற்றம். அதன் மேல் துணிக்கூரை. குளிரையும் புழுதியையும் தடுக்கப் பக்கங்கள் மூடப்பட்டன. மேற்கூரைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக மற்றொரு துணி அழகுக்காக வேயப்பட்டது. பருத்திக்குப் பதிலாக, இலகுவானதும் மலிவானதும் பளபளப்பதுமான செயற்கை இழை வந்தது. அவ்விரு துணிகளுக்கு இடையில் மின்கம்பிகள் ஓடின. வெளியே தெரியும் ஒரே வாயில் அலங்கார வாயில். சாமியானா இவ்வாறு மண்டபம்போல் வேடமிட்டது. மண்டபத்துக்குரிய சுவரின் உறுதியோ மாற்று வழிகளோ அதற்கு வாய்க்கவில்லை. அதே நேரத்தில் தனக்கு இயல்பாயிருந்த நான்கு திசை வழிகளையும் இழந்தது.

1995 திசம்பர் 23. அரியானாவின் சிர்சா மாவட்டத்தில் மண்டி டப்வாலி என்னும் சிறு நகரம். திருமண வளாகம் ஒன்றின் கூடாரத்துக்குள் பள்ளி ஒன்றின் பரிசளிப்பு விழா நடந்துகொண்டிருந்தது. நண்பகல் கடந்த வேளை. குழந்தைகளும் பெற்றோருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தனர். மின்கசிவில் பிறந்த தீ செயற்கை இழைக் கூரையில் பற்றியது. உருகிய துணி எரிந்தபடியே தலைகள் மீது சொட்டியது. அனைவரும் ஒரே வாயிலை நோக்கி ஓடினர். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தோர் 442 பேர் என்பது பரவலாகக் குறிப்பிடப்படும் எண்ணிக்கை. அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும். அது திருமண நாள் அன்று என்பது தற்செயல். அதே வளாகத்தில், அதே துணியின் கீழ், அதற்கு முந்தைய மாதங்களில் எத்தனையோ மணமக்கள் அமர்ந்திருப்பர்.

இத்தகைய கூடாரங்களை எப்படி அமைப்பது என்று அறியாத நாடன்று இது. தற்காலிகக் கட்டமைப்புகளிலும் பந்தல்களிலும் மேற்கொள்ள வேண்டிய தீப் பாதுகாப்பு குறித்து இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 8758 எனும் தர ஆவணம் அப்போதே இருந்தது. 1993இல், அதாவது டப்வாலிக்கு ஈராண்டுக்கு முன், திருத்தியும் வெளியிடப்பட்டது. செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடாது, மின்தடத்துக்கு அடியில் அமைக்கக் கூடாது, சுற்றிலும் வெற்றிடம் விட வேண்டும், வெளியேறப் போதிய வழிகள் வேண்டும் என்பன அதன் சாரம். அபுல் பசலின் சாமியானாவைக் கட்டிய ஃபர்ராஷுக்கு இவற்றுள் எதையும் எழுதிக் காட்டியிருக்கத் தேவையில்லை. அவனுடைய பொருளும் முறையும் அப்படியே அமைந்திருந்தன. டப்வாலியில் தாள் ஓரிடத்திலும் தொழில் வேறிடத்திலும் நின்றன. உரிமம் வழங்குவோருக்கும் ஆய்வு செய்வோருக்கும் கூடாரம் ஒரு கட்டடமாகத் தெரியவில்லை, மறுநாள் பிரித்துவிடும் துணியாகவே தெரிந்தது.

தமிழகமும் இதிலிருந்து தப்பவில்லை. 2004 சனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றின் மாடியில் கீற்றுக்கொட்டகையின் கீழ் நடந்த திருமணத்தில் தீப்பற்றி, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒளிப்பதிவுக்காகக் கொண்டுவந்த விளக்கின் மின்இணைப்பே தொடக்கம் என்று கூறப்பட்டது. தரையில், நாற்புறமும் திறந்த வெளியில் நின்றவரை கீற்றுப்பந்தல் பெருந்தீங்கு செய்ததில்லை என்று சொல்ல முடியாது. கீற்று எப்போதும் எரியக்கூடியதே. ஆனால் அதனை மாடியில் ஏற்றி, இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டை மட்டும் விட்டது நம் காலத்தின் செயல். ஈராண்டுக்குப் பின், 2006 ஏப்ரல் 10 அன்று, மீரட்டில் நுகர்பொருள் கண்காட்சிக்காக எழுப்பிய மூடிய கூடாரங்கள் எரிந்து 65 பேர் இறந்தனர். அங்கேயும் தற்காலிகக் கூரைதான். அங்கேயும் அடைத்த பக்கங்கள்தான்.

டப்வாலியில் இறந்தோரின் உறவினர்களும் காயமுற்றோரும் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். தீக்காயத்தோடு வளர்ந்த குழந்தைகள் வழக்கு முடிவதற்குள் இளைஞர் ஆயினர். 2009 நவம்பரில்தான் பஞ்சாப், அரியானா உயர் நீதிமன்றம் இழப்பீட்டைப் பள்ளி நிர்வாகமும் அரசுத் தரப்பும் பகிர்ந்து தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கூடாரம் நின்ற இடத்தில் இப்போது நினைவகம் உள்ளது. இறந்தவர்களின் படங்கள் சுவரில் வரிசையாக மாட்டப்பட்டுள்ளன. திசம்பர் 23 அன்று ஊர் மக்கள் அங்கே கூடுகின்றனர். வட இந்தியாவில் கார்த்திகை ஏகாதசியில் தொடங்கும் திருமணக் காலம், சூரியன் தனுசில் இருக்கும் அம்மாதத்துக்காகச் சற்றே ஓய்ந்திருக்கும் வேளை அது. சனவரி நடுவில் அது மறுபடி தொடங்கும்; டென்ட் ஹவுஸ் வண்டிகள் மூங்கிலையும் துணியையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் புறப்படும்.